எது மதம் என்று யார் சொல்வது?

மதம் என்றால் என்ன என்ற கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் எழுதிய முதல் விரிவான விடை, ஒரு மடத்தின் கடன் கணக்கிலிருந்து பிறந்தது.

உடுப்பியில் மத்வர் மரபைச் சேர்ந்த எட்டு மடங்களில் ஒன்று சிரூர் மடம். அங்குள்ள கிருஷ்ணன் கோயிலின் பூசைப் பொறுப்பு இந்த எட்டு மடங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருவராக முறைவைத்து வரும். பர்யாயம் என்பது அதன் பெயர். முறை வந்த மடாதிபதி பூசை செய்தால் மட்டும் போதாது, வருகிறவர்களுக்குச் சோறும் போட வேண்டும். சிரூர் மடாதிபதிக்கு 1931இல் முதல் முறை வந்தது. செலவு கடனாக நின்றது. அடுத்த முறை வந்தபோது கடன் மேலும் ஏறியது. உடுப்பி அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்ததால், மடத்தின் நிர்வாகம் சீர்கெட்டிருக்கிறது என்று சொல்லி மாகாண அறநிலைய வாரியம் உள்ளே வந்தது. மடாதிபதி நீதிமன்றத்தின் படி ஏறினார்.

கிருஷ்ணனுக்கு எந்த வேளையில் என்ன படைப்பது, எந்தச் சடங்கை எப்படிச் செய்வது, அதற்கு எவ்வளவு செலவழிப்பது: இவற்றில் எது மதம், எது வெறும் நிர்வாகம்? 1954 மார்ச்சில் நீதிபதி பி.கே. முகர்ஜி எழுதிய தீர்ப்பு இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னது. படையலும் சடங்கும் வேளையும் மதம்தான். பணம் செலவாகிறது, ஆள் வேலைக்கு அமர்த்தப்படுகிறார் என்பதற்காக அவை வியாபாரம் ஆகிவிடாது. உணவும் உடையும்கூட மதத்துக்குள் வரலாம். ஆனால் செலவின் அளவு சொத்து நிர்வாகத்தைச் சேர்ந்தது, அதில் அரசு தலையிடலாம். பாயசம் படைப்பது மதம், எத்தனை படி அரிசிக்குப் பாயசம் என்பது கணக்கு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்தக் கோடுதான் அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு இந்தியாவில் மத வழக்குகளின் போக்கைத் தீர்மானித்தது. நவீன சமூகத்தில் மதத்தின் இடம் என்ன என்ற கேள்வியை ஒரு மடத்தின் கணக்கிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. இந்த மண்ணில் மதம் அரசோடு மோதுவது பெரும்பாலும் கடவுள் உண்டா இல்லையா என்ற இடத்தில் அல்ல; சொத்து, பங்கு, முறை, மரியாதை ஆகிய இடங்களில்தான்.

நம்பிக்கை மட்டும் மதமல்ல

மதம் என்பது மனிதன் தன்னைப் படைத்தவனோடு வைத்திருக்கும் உறவைப் பற்றிய எண்ணம் என்று 1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றிய நாட்டில் இயல்பாக வந்த விளக்கம் அது. நம்பிக்கை உள்ளே இருக்கும், மற்றதெல்லாம் அதன் மேல் போர்த்திய துணி என்ற பார்வை. சிரூர் வழக்கில் முகர்ஜி அந்த விளக்கத்தை எடுத்துவைத்து, அது இங்கே போதாது என்று தள்ளினார். காரணம் நேரானது. பௌத்தமும் சமணமும் படைத்தவன் ஒருவனை ஏற்பதில்லை. அவை மதம் இல்லை என்று இந்தியாவில் யாராவது சொல்ல முடியுமா?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் இதே இடத்துக்கு வேறொரு வழியில் வந்திருந்தார். புனிதமானது, சாதாரணமானது என்று உலகை இரண்டாகப் பிரிப்பதும், அந்தப் பிரிவைச் சுற்றி மனிதர்கள் ஒரு சமூகமாகக் கட்டப்படுவதும்தான் மதத்தின் அடிப்படை என்றார். கடவுள் அந்த விளக்கத்தில் கட்டாயமில்லை, சமூகம் கட்டாயம்.

இதைத் தமிழருக்குச் சொல்லித்தர வெளியாள் தேவையில்லை. 1010இல் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படித்தால் போதும். கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்ட ஊர்கள், கோயில் பணிக்குக் குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகள், அவர்களுக்கு ஒதுக்கிய வீடுகள், விளக்கெரிக்க நெய் வேண்டி இடையர்களிடம் ஒப்படைத்த ஆடுகள் என்று அந்தக் கல்வெட்டுகள் கணக்கு வாசிக்கின்றன. அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள். இந்த ஏற்பாட்டில் பக்தி எங்கே முடிகிறது, ஆடு வளர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை.

சொத்து சாமியின் பெயரில் இருந்தது. அதை நவீனச் சட்டமும் ஏற்றது. திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர் சிலை கடல்கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தபோது, அதற்கு உரிமை கோரியவர்களில் பாழடைந்து கிடந்த அந்த ஊர்க் கோயிலும் ஒன்று. கோயில் வழக்காட முடியும் என்பதை 1991இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நடராசர் நாடு திரும்பினார். சாமி சொத்துக்காரர் என்றால், அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவர் யார், அவரைக் கேள்வி கேட்கிறவர் யார் என்பது அடுத்து வந்தே தீரும்.

அரசு உள்ளே வந்த வழி

மன்னர்கள் இருந்தவரை அந்தக் கேள்விக்கு விடை இருந்தது. கோயில் சச்சரவுகளில் கடைசிச் சொல் மன்னருடையது. கோயில் அவருக்குத் தந்தது பரிவட்டமும் முதல் மரியாதையும். மன்னர்கள் போன இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வந்து உட்கார்ந்தது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணக் கோயில் சொத்துகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. கிறித்தவ அரசு சிலை வழிபாட்டுக்குக் காவல் நிற்பதா என்று மிஷனரிகள் எதிர்த்தார்கள். 1840களின் தொடக்கத்தில் கம்பெனி விலகத் தொடங்கியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை அறங்காவலர்களுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் மாற்றியது.

அரசு விலகினால் மதம் தன்போக்கில் நன்றாக இருக்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. கோயில் நிலங்கள் அடிமாட்டுக் குத்தகைக்குப் போயின, தனியார் பெயருக்கு மாறின. வழக்குகள் நீதிமன்றங்களில் குவிந்தன. கேட்பாரற்ற சொத்து கைவலுத்தவரிடம் போகும் என்பதற்குச் சாமி சொத்தும் விலக்கில்லை. நீதிக்கட்சி அமைச்சரவையின் தலைவர் பனகல் அரசர் 1925இல் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டம் இந்தப் பின்னணியில் வந்தது. மதத்தில் கை வைக்கிறார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. கணக்கைத்தான் கேட்கிறோம் என்பது ஆதரவாளர்களின் பதில்.

இரு தரப்பும் ஓரளவு சரி. கணக்குக் கேட்டு வந்த அரசு கணக்கோடு நிற்கவில்லை. 1951இல் புதிய சட்டம், 1959இல் இன்றைக்கும் நடப்பிலுள்ள சட்டம் என்று அடுக்கடுக்காக வந்தன. இன்று தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் 36,000க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. நான்கு லட்சம் ஏக்கருக்கும் மேல் நிலம் இருக்கிறது. செயல் அலுவலர், தக்கார், உண்டியல் எண்ணிக்கை, கட்டணத் தரிசன வரிசை, அன்னதானக் கூடம் எல்லாம் இந்த ஏற்பாட்டின் கிளைகள். நவீன அரசு வந்தால் மதம் ஒதுங்கிக்கொள்ளும் என்று இருபதாம் நூற்றாண்டின் சமூகவியலாளர் பலர் எதிர்பார்த்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவரான பீட்டர் பெர்கர் 1999இல் தன் கருத்தை வெளிப்படையாகவே திரும்பப் பெற்றார். இங்கே மதம் ஒதுங்கவும் இல்லை, அரசை விழுங்கவும் இல்லை. இரண்டும் ஒரே வளாகத்தில் அலுவலகம் வைத்திருக்கின்றன.

கேள்வி மாறிய இடம்

உள்ளே வந்த அரசுக்கு எல்லை வகுக்க வேண்டியிருந்தது. அரசமைப்பின் 25, 26ஆம் பிரிவுகள் மதச் சுதந்திரத்தைத் தருகின்றன. அதே மூச்சில், மதத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி, அரசியல் நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றும், பொதுத்தன்மை கொண்ட இந்து நிறுவனங்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடலாம் என்றும் சொல்கின்றன. அப்படியானால் எது மதம், எது மதத்தோடு ஒட்டியது?

அரசமைப்பு அவையில் 1948 டிசம்பர் 2 அன்று அம்பேத்கர் இதற்கு ஒரு வழி காட்டியிருந்தார். இந்த நாட்டில் மதம் பிறப்பிலிருந்து இறப்புவரை வாழ்க்கையின் எல்லா மூலைகளிலும் படர்ந்திருக்கிறது. அத்தனையையும் மதம் என்று விட்டுவிட்டால் சட்டமன்றத்துக்கு வேலையே இருக்காது. ஆகவே இயல்பிலேயே மதம் சார்ந்த நம்பிக்கைகளும் சடங்குகளும் ஒரு பக்கம், வாரிசுரிமையும் குத்தகையும் போன்றவை இன்னொரு பக்கம் என்று பிரிக்க வேண்டும் என்றார். அவர் கேட்டது, இந்த விஷயம் மதத்தைச் சேர்ந்ததா, உலகியலைச் சேர்ந்ததா என்பது. இதற்கு ஒரு நீதிபதி பதில் சொல்ல முடியும்.

அடுத்தடுத்த தீர்ப்புகளில் கேள்வி மெல்ல உருமாறியது. இந்தச் சடங்கு மதத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அந்த மதத்துக்கு இது அவசியமா, இது இல்லாமல் அந்த மதம் நிற்குமா என்று நீதிமன்றம் கேட்கத் தொடங்கியது. நெல்லையும் பதரையும் தூற்றிப் பிரிக்கும் வேலை நீதிபதிக்கு வந்து சேர்ந்தது. எது அவசியம் என்பதை அந்தந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே அறிய வேண்டும் என்று சிரூர் தீர்ப்பு சொல்லியிருந்தாலும், அந்தக் கோட்பாட்டைப் படித்துப் பொருள் சொல்கிறவர் நீதிபதியாகவே இருந்தார்.

விளைவு சில நேரம் விநோதமாக இருந்தது. குஜராத்தின் சுவாமிநாராயண் சத்சங்கிகள், தாங்கள் இந்துக்கள் அல்ல, ஆகவே ஆலயப் பிரவேசச் சட்டம் தங்கள் கோயில்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட்டார்கள். 1966இல் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் அவர்கள் இந்துக்களே என்றார். அதோடு நிற்காமல், அவர்களுடைய அச்சம் தங்கள் மதத்தின் உண்மையான போதனையைப் புரிந்துகொள்ளாததால் வந்தது என்றும் எழுதினார். தலித்துகளுக்குக் கதவு திறந்தது, அது நியாயம். ஆனால் பக்தர்களுக்கு அவர்களுடைய குருவின் போதனையை விளக்கும் பொறுப்பை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

ஆனந்த மார்க்கத்தின் வழக்கு இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து அதே சிக்கலைக் காட்டுகிறது. 1955இல் தொடங்கிய இயக்கம் அது. தாண்டவ நடனத்தை உறுப்பினர்களின் கடமையாகக் குரு விதித்தது 1966இல். நடனம் விதிக்கப்படுமுன்பே இயக்கம் இருந்ததால், நடனம் அதற்கு அவசியமானதல்ல என்று 1983இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறந்த நாளன்று கையில் இருந்தது மட்டுமே மதம் என்று இந்தத் தர்க்கத்தை நீட்டினால், எந்த மதமும் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது. பழமையைக் காட்டுகிறவனுக்குப் பாதுகாப்பு, புதுமை செய்கிறவனுக்கு இல்லை என்றாகிவிடும். சீர்திருத்தத்துக்காக வந்த அளவுகோல் சீர்திருத்தத்தின் காலையே வாரிவிடுகிறது.

கருவறைக்குள் யார்?

இந்தச் சிக்கல் முழுதாகத் தெரியும் இடம் தமிழ்நாட்டுக் கோயில்களின் கருவறை வாசல். கடவுள் மறுப்பாளரான பெரியார் தன் கடைசிக் காலத்தில் எல்லாச் சாதியினரும் கருவறைக்குள் போகும் உரிமைக்காகக் கிளர்ச்சி அறிவித்தார். சாமி இல்லை என்கிறவர் சாமிக்குப் பக்கத்தில் போக ஏன் உரிமை கேட்க வேண்டும் என்று அன்றைக்கும் கேலி செய்தார்கள். மதம் என்பது நம்பிக்கை மட்டுமே என்று வைத்துக்கொண்டால் அந்தக் கேலி சரி. ஆனால் கருவறை, அர்த்த மண்டபம், மகா மண்டபம், கொடிமரம், கோபுர வாசல் என்று ஒருவர் எதுவரை போகலாம் என்பது ஊரில் அவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. நம்பாதவருடைய இடத்தையும் அது சேர்த்தே தீர்மானிக்கிறது. பெரியாருக்கு அது தெரிந்திருந்தது. 1939 ஜூலை 8 அன்று காந்தியவாதி வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார்களையும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது எழுந்த எதிர்ப்பும், நம்பிக்கை குலைந்தது என்பதால் எழுந்ததல்ல. வரிசை குலைந்தது என்பதால் எழுந்தது.

மு. கருணாநிதியின் அரசு 1970இல் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பதவியில் வாரிசுரிமையை நீக்கியது. சேஷம்மாள் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், 1972 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. அர்ச்சகரை நியமிப்பது உலகியல் செயல், அவர் அறங்காவலருக்குக் கட்டுப்பட்ட ஊழியர் என்றது. கூடவே, கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமம் விதித்த தகுதி இல்லாதவர் தொட்டால் மூர்த்தி தீட்டுப்படும் என்ற நம்பிக்கையை அரசு மீற முடியாது என்றும் சொன்னது. தந்தைக்குப் பின் மகன் என்ற கதவு திறந்தது. ஆகமம் என்ற உள்கதவு பூட்டியே இருந்தது.

2006இல் அரசு, தகுதியும் பயிற்சியும் உள்ள எந்தச் சாதி இந்துவும் அர்ச்சகராகலாம் என்று ஆணையிட்டது. பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் தீட்சை பெற்று, மந்திரம் கற்று, சான்றிதழோடு வெளியே வந்தார்கள். வழக்கு அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. பரம்பரை அர்ச்சகர்களான ஆதிசைவ சிவாச்சாரியார்கள் தொடுத்த அந்த வழக்கில் 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு, நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும், ஆகமம் அரசமைப்புக்கு மாறாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு நியமனத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது. 2021 ஆகஸ்டில் பல சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம், ஆகமக் கோயில்களுக்குப் புதிய விதிகள் பொருந்தாது என்று சொல்லி, எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. ஒரு கோயிலின் மரபு என்ன என்பதை இப்போது குழு அறிக்கை சொல்ல வேண்டும். தகுதி பெற்றவர் ஏன் வெளியே நிற்கிறார் என்ற கேள்வி, எந்தக் கோயில் எந்த ஆகமம் என்ற ஆராய்ச்சிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

வேறு கேள்வி கேட்டவர்கள்

இதைவிட நேரான வழி ஒன்று சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1957இல் தென் கன்னடத்து முல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில், அது கௌட சாரஸ்வத பிராமணர்களின் பிரிவுக் கோயில் என்பதையும், மற்றவர்களை விலக்குவதற்கு ஆகம ஆதரவு இருக்கிறது என்பதையும் நீதிபதி வெங்கடராம ஐயர் ஏற்றுக்கொண்டார். இது உண்மையான மதம் அல்ல என்று அவர் போதிக்கவில்லை. இது உங்கள் மதம்தான். இருந்தாலும் கோயிலை எல்லா இந்துக்களுக்கும் திறக்கும் சட்டம் அதற்கு மேலே நிற்கிறது என்றார். அந்தப் பிரிவினர் தமக்கென நடத்தும் சில சிறப்புச் சடங்குகளுக்கு மட்டும் தனி இடம் விட்டார். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய நம்பிக்கை மனமார்ந்ததா என்று பார்த்ததே தவிர, அது அறிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கொள்கை கிடைக்கிறது. எது உன் மதம் என்பதை நீ சொல், நான் ஏற்கிறேன். ஆனால் அது இன்னொருவரின் சம நிலையைப் பறிக்கிறதா என்பதை நான் பார்ப்பேன். கோயிலில் பெண்கள் நுழைவது பற்றிய சபரிமலை வழக்கில் 2018இல் நீதிபதி சந்திரசூட் எழுதிய தனித் தீர்ப்பு இந்தத் திசையை நோக்கித்தான் கை காட்டியது.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவின் 1962ஆம் ஆண்டு வழக்கு சாட்சி. சமூகத்தைவிட்டு விலக்கிவைப்பதைத் தடைசெய்த பம்பாய்ச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாக ரத்து செய்தது. விலக்கும் அதிகாரம் அந்தப் பிரிவின் மத விவகாரம் என்றது. விலக்கப்பட்டவருக்குப் பள்ளிவாசலும் இடுகாடும் மூடுகின்றனவே, அவருடைய நிலை என்ன என்று மாற்றுத் தீர்ப்பில் கேட்டவர் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா மட்டுமே. மதச் சுதந்திரம் யாருக்கு, சமூகத்தின் தலைமைக்கா, அதற்குள் வாழும் தனி மனிதருக்கா என்பது அங்கே வெளிப்படையாக வந்தது.

இதில் ஒரு மறுப்பு நியாயமானது. சமத்துவத்தை மட்டும் பார்ப்பேன் என்று சொல்லும் அரசு, தானே கோயிலின் முதலாளியாகவும் இருக்கலாமா? சென்னையில் அறநிலையச் சட்டம் வந்த அதே 1925இல் பஞ்சாபில் வந்த குருத்வாரா சட்டம், நிர்வாகத்தை அரசுத் துறையிடம் தராமல் சீக்கியர்களே தேர்ந்தெடுக்கும் குழுவிடம் தந்தது. கணக்குக் கேட்கும் அதிகாரமும் அன்றாடம் நிர்வகிக்கும் அதிகாரமும் ஒன்றல்ல என்பதற்கு அது எடுத்துக்காட்டு. கோயில்களை விடுவி என்கிறவர்கள் யாரிடம் விடுவிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். 1863க்குப் பின் நடந்தது நினைவிருக்கும்வரை, எல்லாச் சாதிப் பக்தர்களும் வாக்களிக்கும் ஏற்பாடு இல்லாத விடுதலை, பழைய கைகளுக்கே சாவியைத் திருப்பித் தருவதாகும்.

நவீன சமூகத்தில் மதத்தின் இடத்தை இப்படிப் பார்த்தால், வேலைகள் பிரிந்து தெரிகின்றன. சொத்துக்குக் கணக்குக் கேட்பது அரசின் வேலை. யாரும் வாசலில் நிறுத்தப்படாமல் பார்ப்பது சட்டத்தின் வேலை. எது அவசியம், எது ஒட்டு, எதை விட்டுவிடலாம் என்று விவாதிப்பது பக்தர்களின் வேலை; இந்த மண்ணில் சித்தர்களும் வள்ளலாரும் நாராயண குருவும் செய்தது அதைத்தான், எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் இல்லாமல். அந்த விவாதத்தை நீதிபதிகளிடம் ஒப்படைத்த பிறகு, மதங்களுக்குள் சீர்திருத்தவாதிகள் குறைந்து வழக்கறிஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் பக்தர்கள். அப்போது பழமையைக் காட்டி யாரும் தப்பிக்க முடியாது. ஏனென்றால் கேள்வி கேட்பவரும் அதே வரிசையில் நிற்பவராக இருப்பார்.